எங்கள் ஃபைலின் நகல் எங்களிடமும் இருக்கட்டும்

நர்ஸ்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர்களுக்கும், அவர்கள் வழியாக ஆள் எடுக்கும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும், இரண்டுக்கும் நடுவில் தாள் வேலை பார்க்கும் வக்கீல்களுக்கும்,

வணக்கம்.

நான் ஸ்பான்சர் வழியாக, அதாவது வேலை தருபவரே விசாவுக்குப் பொறுப்பேற்று, வெளிநாட்டுக்கு வந்து வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். அடுத்து வர நினைக்கும் தங்கைகளும் தம்பிகளும் ஒப்பந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பி, "அக்கா, இதில் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்கிறார்கள். அந்தத் தாள்களைப் படித்துப் படித்துத்தான் இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியது. தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. எங்களைத் தேடி வரும்போது நீங்கள் தமிழில்தான் பேசுகிறீர்கள். "உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை சிஸ்டர், எல்லாம் ஹாஸ்பிடல் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்வதும் தமிழில்தான். ஒப்பந்தம் மட்டும் பக்கம் பக்கமாக, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் வருகிறது. அதையும் நாளைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறீர்கள்.

விசா எண்ணிக்கையைக் கூட்டுங்கள், சட்டத்தை மாற்றுங்கள் என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. அது உங்கள் கையில் இல்லை. எங்கள் பெயரில் நீங்கள் தாக்கல் செய்யும் தாள்களின் நகலை எங்களுக்கும் கொடுங்கள். நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், ஏன் கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கேட்பது இவ்வளவுதான். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரிந்தாலும், ஒரு நர்ஸின் பத்து வருட வாழ்க்கை இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். ஐ.டி. ஆட்கள் போகும் எச்-1பி வழி வார்டு நர்ஸுக்குப் பெரும்பாலும் கிடையாது. அந்த விசாவுக்கு, வேலையே பட்டப்படிப்பைக் கட்டாயமாகக் கேட்பதாக இருக்க வேண்டும்; சாதாரண ஸ்டாஃப் நர்ஸ் வேலை அதில் அடங்காது என்பதே பொதுவான நிலை. நர்ஸ்களுக்கென்றே எச்-1சி என்று ஒன்று இருந்தது. ஆண்டுக்கு 500 பேர், அதுவும் குறிப்பிட்ட சில மருத்துவமனைகளுக்கு மட்டும். 2009 டிசம்பரோடு அதுவும் முடிந்துபோனது. மிச்சம் இருப்பது நேராக கிரீன் கார்டு, அதாவது இபி-3 பிரிவு. இதில் நர்ஸ்களுக்கு ஒரு சலுகை உண்டு. நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் ஆகிய இரண்டு வேலைகளுக்கும் ஆள் பற்றாக்குறை என்று அந்நாட்டுத் தொழிலாளர் துறையே முன்கூட்டி ஒப்புக்கொண்டு 'ஷெட்யூல் ஏ' பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதனால் விளம்பரம் போட்டு, உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று நிரூபிக்கும் நீண்ட வேலை இல்லை.

சலுகை என்றாலும் படிகள் இல்லாமல் இல்லை. அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு நடப்புச் சம்பளம் எவ்வளவு என்று தொழிலாளர் துறையிடம் எழுதி வாங்க வேண்டும். அதற்கே மாதக்கணக்கில் ஆகிறது. அப்புறம், வேலை நடக்கப்போகும் இடத்தில் வேலை விவரத்தையும் சம்பளத்தையும் போட்டு ஓர் அறிவிப்பைத் தொடர்ந்து 10 வேலை நாட்கள் ஒட்டிவைக்க வேண்டும். எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படுவது இந்த அறிவிப்புதான். அந்தச் சுவரைக் கடந்து போகும் டாக்டர், துப்புரவுப் பணியாளர், நோயாளியைப் பார்க்க வந்தவர் என்று யார் வேண்டுமானாலும் அந்தச் சம்பளத்தைப் படிக்கலாம். அந்த வேலைக்கு வரப்போகிறவருக்கு மட்டும் அந்தத் தாளை ஒருவரும் அனுப்பிவைப்பதில்லை.

இதெல்லாம் முடிந்து குடிவரவுத் துறையிடம் போவதுதான் ஐ-140 மனு. அந்த மனுவைப் போடுபவர் மருத்துவமனை அல்லது ஏஜென்சி. நர்ஸ் அதில் பயனாளி மட்டும். ஆகவே ரசீதும் ஒப்புதல் கடிதமும் மனுதாரருக்கும் அவருடைய வக்கீலுக்கும் போகின்றன. நர்ஸுக்கு வருவது வாட்ஸப்பில் ஒரு வரி: "உங்க ஃபைல் ப்ராசஸ்ல இருக்கு சிஸ்டர்."

அந்த ஒப்புதல் கடிதத்தில் ஒரு தேதி இருக்கிறது. முன்னுரிமைத் தேதி. ஷெட்யூல் ஏ மனுக்களில், ஐ-140 தாக்கலான நாள்தான் அந்தத் தேதி. விசா வரிசையில் ஒரு நர்ஸ் நிற்கும் இடம் அதை வைத்துத்தான் முடிவாகிறது. பலருக்குத் தெரியாத, உங்களில் பலர் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. மனு ஒருமுறை ஒப்புதல் ஆகிவிட்டால், மோசடி, பொய்த் தகவல், ஒப்புதலிலேயே பெரிய தவறு போன்ற காரணங்களால் அது ரத்தானால் ஒழிய, அந்தத் தேதி அந்த நர்ஸோடு போகும். நாளைக்கு வேறொரு மருத்துவமனை அவருக்குப் புது மனு போட்டாலும் பழைய தேதியையே கோரலாம். முதலில் மனு போட்டவர் பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டாலும் தேதி செத்துப்போவதில்லை.

ஆனால் கோருவதற்குக் கையில் ஏதாவது வேண்டாமா? குறைந்தபட்சம் அந்த ரசீது எண்ணாவது வேண்டும். என் ஜூனியர் ஒருத்தியின் மனு ஒப்புதலாகி, அவள் சில வருடங்கள் காத்திருந்த பிறகு, அந்த மருத்துவமனை இனி வெளிநாட்டு ஆள் எடுப்பதில்லை என்று முடிவு செய்தது. சரி, அது அவர்கள் உரிமை. அவள் ஏஜென்சியிடம் ஒப்புதல் கடிதத்தின் நகலைக் கேட்டாள். "அது கம்பெனி டாக்குமென்ட், வெளியே தர மாட்டோம்" என்று பதில் வந்தது. வேண்டுமானால் தாங்களே பார்த்துச் சொல்லும் இன்னொரு மருத்துவமனைக்குப் போகலாமாம், புதிதாக ஒரு பாண்டு, அதாவது நடுவில் விலகினால் பணம் கட்டுவேன் என்ற பத்திரம், எழுதிக் கொடுத்துவிட்டு. புறநோயாளிகள் பிரிவில் டோக்கனை நோயாளியிடம் தராமல், வாசலில் நிற்கிறவர் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. யாரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கலாம். ஆனால் அந்த நகலைத் தராததால் உங்களுக்கு ஒரே ஒரு லாபம்தான்: அவள் வேறெங்கும் போக முடியாது. அந்த லாபத்துக்காகத்தான் தரவில்லை என்று நான் நினைத்தால் அது தப்பா?

இந்தத் தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வரிசையைப் பார்க்க வேண்டும். வேலைவாய்ப்பு வழியாக அமெரிக்கா ஆண்டுக்குத் தருவது சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். அதில் இபி-3 பிரிவின் பங்கு 28.6 சதவீதம், அதாவது ஏறத்தாழ 40,000. இது நர்ஸ்களுக்கு மட்டுமான எண்ணிக்கை இல்லை. வேறு பல வேலைகளில் இருப்பவர்களுக்கும், எல்லோருடைய கணவன், மனைவி, பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். அதன் மேல், எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதம் என்ற உச்சவரம்பு. கணக்கில் வருவது குடியுரிமை அல்ல, பிறந்த நாடு.

விளைவு என்ன? எந்தத் தேதி வரை வரிசையில் நிற்பவர்களுக்கு விசா என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் அறிவிப்புதான் விசா புல்லட்டின். 2025ஆம் ஆண்டின் புல்லட்டின்களில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான இபி-3 தேதி 2012 கடைசியிலும் 2013இலுமாக நகர்ந்துகொண்டிருந்தது. அதாவது பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மனு போட்டவர்களுக்கு அப்போதுதான் கதவு திறந்தது. அதே ஆண்டில், தனி வரிசை இல்லாத பெரும்பாலான மற்ற நாடுகளுக்கு அது 2022இலும் 2023இலும் நின்றது. இலங்கையில் பிறந்தவர்கள் அந்தப் பொது வரிசையில் வருகிறார்கள். ஆக, ஒரே பரீட்சை எழுதி, ஒரே ஏஜென்சியில் கையெழுத்துப் போட்ட இரண்டு தமிழ் நர்ஸ்களில் ஒருத்தி மூன்று வருடத்தில் போய்விடலாம். இன்னொருத்தி பத்து வருடம் தாண்டியும் காத்திருக்கலாம். இந்தியப் பெற்றோருக்கு மலேசியாவிலோ வளைகுடாவிலோ பிறந்தவளுக்குக் கணக்கு வேறு. கணவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அவருடைய நாட்டு வரிசையில் சேர்ந்துகொள்ளவும் வழி உண்டு. நர்ஸிடம் நீங்கள் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி, "எங்கே பிறந்தீர்கள், திருமணம் ஆகிவிட்டதா, கணவர் எங்கே பிறந்தார்?" என்பதுதான். நீங்கள் கேட்பதோ அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் பாஸா, ஐ.சி.யூ. அனுபவம் எத்தனை வருடம் என்பது. கேட்டுவிட்டு, "ஒன்றரை வருஷத்தில் ஃப்ளைட் ஏறிடலாம்" என்கிறீர்கள். இந்தியாவில் பிறந்த நர்ஸிடம் இதைச் சொல்லும் ஏஜென்ட், ஒன்று மாதாமாதம் வெளியாகும் புல்லட்டினைப் படிக்காதவர், அல்லது படித்துவிட்டுப் பேசுகிறவர். இரண்டாவது ரகம் அதிகம் என்பது என் எண்ணம்.

வரிசை நேராகவும் போவதில்லை. முன்னே வந்த தேதி பின்னே போவதும் உண்டு. 2024 செப்டம்பரில், நிதியாண்டு முடியும் முன்பே இபி-3 ஒதுக்கீடு தீர்ந்துபோய், அக்டோபர் 1 வரை யாருக்கும் விசா கொடுக்க முடியாத நிலை வந்தது. நேர்காணலுக்கு எல்லாம் தயாராக இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

காத்திருக்கும் காலத்தில் தாள்கள் காலாவதியாகிக்கொண்டே இருக்கும். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணுக்கு ஆயுள் 2 வருடம். வெளிநாட்டில் படித்த நர்ஸின் படிப்பையும் உரிமத்தையும் சரிபார்த்துத் தரும், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்ட விசாஸ்கிரீன் சான்றிதழுக்கு 5 வருடம். விசா மருத்துவப் பரிசோதனைக்குப் பொதுவாக 6 மாதம். அந்த 6 மாதத்தைத் தாண்டி நேர்காணல் தள்ளிப்போனால் மறுபடியும் எக்ஸ்ரே, மறுபடியும் ரத்தம். இதில் எதை யார் கட்டணம் கட்டிப் புதுப்பிப்பது? நான் பார்த்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் முதல் முறைக்கான செலவைப் பற்றி மட்டுமே பேச்சு. இரண்டாவது முறை வரும்போது, "அது உங்கள் பொறுப்பு சிஸ்டர்." பிள்ளை இருப்பவர்களுக்கு இன்னொரு பயம். 21 வயது கடந்தால் பிள்ளை அம்மாவின் மனுவிலிருந்து விழுந்துவிடக்கூடும். மனு பரிசீலனையில் இருந்த காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கைப் போட, மனு எப்போது தாக்கலானது, எப்போது ஒப்புதலானது என்ற இரண்டு தேதிகளும் தெரிய வேண்டும். அவை எங்கே இருக்கின்றன? உங்கள் அலமாரியில்.

இனி பணம்.

உங்களுக்குச் செலவே இல்லை என்று நான் சொல்லவில்லை. மனுக் கட்டணம், வக்கீல் கட்டணம், விமானச் சீட்டு, முதல் மாத வீட்டு வாடகை எல்லாம் சேர்ந்து பெரிய தொகைதான். வந்து ஒரு மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும் நர்ஸ்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் செலவைத் திரும்பப் பெறுவது வேறு, ஆளைக் கட்டிப்போடுவது வேறு.

5,200 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்று எழுதிய ஓர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 40 மணி என்று வைத்தால் இரண்டரை வருடம். ஏஜென்டும் "ரெண்டரை வருஷம்தான்" என்றுதான் சொல்வார். ஆனால் பல வார்டுகளில் வாரத்துக்கு மூன்று ஷிஃப்ட், தலா 12 மணி. ஆக 36 மணிதான். அப்போதே அது இரண்டே முக்கால் வருடத்தைத் தாண்டிவிடுகிறது, ஒரு நாள்கூட லீவு எடுக்காமல். அடுத்த வரியில் ஓரியன்டேஷன் வாரங்கள் கணக்கில் சேராது என்று இருக்கும். அதற்கடுத்த வரியில் ஓவர்டைம் சேராது. "வார்டில் நோயாளிகள் குறைவு, இன்று வர வேண்டாம்" என்று காலையில் போன் வந்தால் அந்த ஷிஃப்டும் சேராது. பிரசவ லீவு எடுத்தால் சேராது. மூன்று வருடம் கடந்தும் முடியாத இரண்டரை வருடம் இது. மாதக் கணக்கில் எழுதினால் எல்லோருக்கும் புரிந்துவிடுமே, மணிக் கணக்கில் எழுதுவது எதற்கு?

விலகினால் கட்ட வேண்டிய தொகை முதல் நாளும் கடைசி மாதமும் ஒன்றாகவே இருக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. விலகல் தொகை போட்ட ஓர் ஒப்பந்தம் நியூயார்க்கில் நீதிமன்றம் ஏறியது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த 200க்கும் மேற்பட்ட நர்ஸ்களின் சார்பில் தொடுத்த வழக்கு. முன்கூட்டி விலகினால் 25,000 டாலர் வரை கட்ட வேண்டும் என்ற ஷரத்து வெறும் இழப்பீடு அல்ல, மிரட்டி வேலை வாங்கும் கருவி, ஆள்கடத்தல் தடைச் சட்டத்துக்கு எதிரானது என்று 2019இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டிலும் அந்த அடிப்படை நின்றது. அதே மாநிலத்தில் அதற்கும் முன்பு, 2006இல், ஒரு பராமரிப்பு இல்லத்திலிருந்து 10 பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் ஒன்றாக ராஜினாமா செய்தார்கள். கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேறவில்லை என்பது அவர்கள் குறை. ராஜினாமாவுக்குக் கிடைத்தது கிரிமினல் வழக்கு. அவர்களுக்கு ஆலோசனை சொன்ன வக்கீல் மேலும் வழக்கு! அடிமைமுறையை ஒழித்த 13ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தைச் சுட்டிக்காட்டி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் அதை நிறுத்தியது. வேலையை விட்டதற்காக நர்ஸைக் கூண்டில் ஏற்றப் பார்த்தது ஏதோ நூறு வருடத்துக்கு முந்தைய கதை இல்லை.

2023இல் இன்னொன்று. வேலையை விட்ட ஒரு நர்ஸிடம், அவர் இருந்திருந்தால் தங்களுக்கு வந்திருக்கக்கூடிய எதிர்கால லாபத்தையே கேட்டது ஒரு ஏஜென்சி. அமெரிக்கத் தொழிலாளர் துறையே அதன் மேல் வழக்குப் போட்டது. இதெல்லாம் உங்கள் வக்கீல்களுக்குத் தெரியாமல் இருக்காது. எங்கள் தங்கைகளுக்குத்தான் தெரியாது. அதனால்தான் "25,000 டாலர், வீட்டுப் பத்திரத்தை விற்றாவது கட்டணும்" என்ற மிரட்டல் இன்னமும் செல்லுபடியாகிறது.

வேலை தேடுபவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. நாங்கள் போக ஆசைப்படும் பெரிய நாடுகள் பல அதை ஏற்று உறுதி செய்யவில்லை. உலக சுகாதார அமைப்பும் 2010இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. அது தன்னார்வ நெறிமுறை. மீறினால் கேட்பார் இல்லை.

பிரிட்டனில் கொஞ்சம் பரவாயில்லை என்பேன், கொஞ்சம்தான். அங்கே வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்குவதைச் சட்டமே தடுக்கிறது. விலகும் நர்ஸிடம் செலவைத் திரும்பக் கேட்பது பற்றி, சுகாதாரப் பணியாளர் சேர்ப்புக்கான இங்கிலாந்து நெறிமுறையில் 2022இல் தெளிவாக எழுதிவைத்தார்கள். தொகை முன்பே தெரிய வேண்டும், உண்மையான செலவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், காலம் போகப் போகக் குறைய வேண்டும், குடும்பச் சூழ்நிலை போன்ற காரணங்களால் விலகுகிறவரிடம் நெகிழ்வு காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். இதை எந்த நாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமே? யாரும் தடுக்கவில்லை. 2024 டிசம்பர் 31 முதல் ஸ்பான்சர் உரிமக் கட்டணத்தையும், ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கான கட்டணத்தையும் பணியாளர் தலையில் கட்டக் கூடாது என்றும் விதி வந்துவிட்டது. அதற்குப் பிறகு கொடுத்த சான்றிதழுக்கு "அட்மின் சார்ஜ்" என்று வேறு பெயரில் வாங்குகிறவர்கள் எந்த நம்பிக்கையில் வாங்குகிறார்கள் என்று தெரியவில்லை.

ஆனால் ஃபைல் சங்கதி அங்கேயும் இதேதான். ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் என்பது கையில் வரும் தாள் அல்ல. உள்துறையின் கணினியில் ஸ்பான்சர் நிரப்பும் ஒரு பதிவு. வேலைக் குறியீடு, சம்பளம், வாரத்துக்கு எத்தனை மணி, எந்த முகவரியில் வேலை எல்லாம் அதில் இருக்கும். நர்ஸுக்கு வருவது பெரும்பாலும் ஓர் எண் மட்டும். அந்த எண்ணை வைத்து 3 மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வந்து இறங்கிய பிறகுதான், ஒப்பந்தத்தில் ஒரு சம்பளமும் சான்றிதழில் வேறொரு சம்பளமும் இருப்பது தெரிகிறது. நர்ஸ் என்று நினைத்து வந்தவர், பதிவில் பராமரிப்பு உதவியாளர் என்று இருப்பதைப் பார்த்து அதிர்ந்ததும் உண்டு. முழுப் பதிவையும் அச்செடுத்துக் கொடுக்க ஸ்பான்சருக்கு ஐந்து நிமிடம் ஆகுமா?

ஸ்பான்சர்ஷிப் முடிந்தால் பொதுவாக 60 நாள் அவகாசம். அதற்குள் இன்னொரு ஸ்பான்சர் கிடைக்க வேண்டும், இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். தப்பு செய்தது ஸ்பான்சர் என்றாலும் கணக்கு இதேதான். 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் மட்டும் 470க்கும் மேற்பட்ட ஸ்பான்சர் உரிமங்களை அரசு ரத்து செய்தது. தண்டனை நிறுவனத்துக்கு, பெட்டி கட்டியது பணியாளர்கள். அந்த நேரத்தில் சம்பளச் சீட்டும் சான்றிதழ் விவரமும் கையில் வைத்திருந்தவர்களுக்கு அடுத்த ஸ்பான்சரிடம் பேசவாவது ஏதாவது இருந்தது. இதற்கிடையில் அங்கே நர்ஸாகப் பதிவு பெற ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு வேறு. ஒரு விண்ணப்பத்துக்கு 3 வாய்ப்புதான். அதற்குப் படிக்க நேரம் ஒதுக்கித் தரும் மருத்துவமனைகள் இருக்கின்றன, அவர்களை வாழ்த்தத்தான் வேண்டும். இரவு டூட்டி முடித்த காலையிலேயே தேர்வுக்கு அனுப்புபவர்களும் இருக்கிறார்கள்.

ஜெர்மனி பற்றிச் சுருக்கமாக. அங்கே பி2 அளவு, அதாவது தடையில்லாமல் பேசும் அளவு, ஜெர்மன் மொழித்திறனும் படிப்புக்கான அங்கீகாரமும் கிடைக்கும் வரை நர்ஸ் உதவியாளராகத்தான் வேலை பார்க்க வேண்டியிருக்கும், சம்பளமும் அதற்கேற்பத்தான். இதைச் சொல்லாமல், அங்கீகாரம் கிடைத்த பிறகான சம்பளத்தை மட்டும் போஸ்டரில் போடுகிறீர்கள். 2013 முதல் அந்நாட்டு அரசு அமைப்புகளே நடத்தும் டிரிபிள் வின் திட்டத்தில் நர்ஸிடம் கட்டணம் வாங்குவதில்லை. அப்படியும் ஆள் சேர்க்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

வக்கீல்களிடம் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் மின்னஞ்சலில் "நமது வழக்கு" என்று எழுதுகிறீர்கள். நர்ஸ் உங்களைத் தன் வக்கீல் என்று நம்பிவிடுகிறார். கட்டணம் தருவது ஏஜென்சி. நர்ஸுக்கும் ஏஜென்சிக்கும் தகராறு வந்தால் நீங்கள் எந்தப் பக்கம் என்பது அன்றுதான் தெரிகிறது. நீங்கள் யாருடைய வக்கீல் என்பதை முதல் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். "நான் நிறுவனத்துக்காக மட்டும் வேலை பார்க்கிறேன், ஒப்பந்தம் பற்றி நீங்கள் வேறொருவரிடம் கேட்டுக்கொள்ளலாம்" என்று ஒரு வரி இருந்தால், எத்தனை பேர் கையெழுத்துக்கு முன்பு இன்னொரு முறை யோசிப்பார்கள்!

மருத்துவமனை நிர்வாகங்களே, இடையில் ஏஜென்சி இருப்பதால் இதெல்லாம் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நாங்கள் நிற்பது உங்கள் வார்டில். உலக சுகாதார அமைப்பின் 2025 அறிக்கைப்படி உலகில் 7 நர்ஸ்களில் ஒருவர் தான் வேலை செய்யும் நாட்டில் பிறக்காதவர். பணக்கார நாடுகளில் இது 23 சதவீதம். விலகினால் கடன் என்ற பயத்தில் இருக்கும் நர்ஸ், ஒரே ஷிஃப்டில் அளவுக்கு மீறி நோயாளிகளைக் கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டார். மருந்து அளவில் தவறு நடப்பதைப் பார்த்தாலும் மேலே சொல்லத் தயங்குவார். "இது பாதுகாப்பில்லை, நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்" என்று சொல்லும் உரிமை நர்ஸுக்கு உண்டு என்பது உங்கள் பயிற்சிக் கையேட்டில் இருக்கிறது. பாண்டு எழுதிக் கொடுத்தவர் எத்தனை பேர் அதைச் சொல்லிப் பார்த்தீர்கள்? ஏஜென்சி உங்களிடம் நர்ஸுக்காக எவ்வளவு வாங்குகிறது, நர்ஸிடம் என்ன எழுதி வாங்கியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்ட பிறகு, தெரியாது என்று சொல்ல முடியாது. அதனால்தான் பலர் கேட்பதில்லையோ என்னவோ.

எல்லா ஏஜென்சியும் மோசம் என்று இந்த மடலைப் படித்துவிட்டு யாரும் சொல்ல வேண்டாம். ரசீது வந்த அன்றே ஸ்கேன் செய்து அனுப்பி, புல்லட்டின் வெளியாகும் ஒவ்வொரு மாதமும் "இந்த மாதம் நகரவில்லை, பொறுங்கள்" என்று சொல்கிறவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களை விட்டு நர்ஸ்கள் ஓடுவதில்லை. அடுத்த பேட்சுக்கு அவர்களே ஆள் அனுப்புகிறார்கள். உங்கள் விளம்பரச் செலவில் பாதி மிச்சம்.

புதிய ஒப்பந்தங்களைத் திருத்த நேரம் வேண்டும் என்றால் சரி, எடுத்துக்கொள்ளுங்கள். மணிக் கணக்கை மாதக் கணக்காக்குவதும், மாதம் போகப் போகக் குறையும் தொகையைப் பட்டியலாகப் போடுவதும், கையெழுத்துக்கு முன் இரண்டு வாரமாவது அவகாசம் தருவதும் உங்கள் அடுத்த ஆள்சேர்ப்புக்கு முன் நடக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஐ-140 ஒப்புதலாகி வருடக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு அந்தக் கடிதத்தின் நகலை அனுப்ப எந்தக் கூட்டமும் கூட்ட வேண்டியதில்லை. உங்கள் அலுவலகத்தில் ஸ்கேனர் இருக்கிறது, எங்கள் மின்னஞ்சல் முகவரிகளும் இருக்கின்றன. இந்த மாதமே தொடங்குங்கள். பழைய ஃபைல்களிலிருந்து தொடங்கினால் நல்லது. காலாவதிக் கெடு முதலில் வருவது அவர்களுக்குத்தான்.

இப்படிக்கு,
ஸ்பான்சர் வழியாக வந்து வேலை பார்க்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ்